கழுத்துக் குறியும் சோபாப் பொட்டலமும்

தீராத தோல் தடிப்பின் கதைகள் நம் வீடுகளில் பெரும்பாலும் சோப்பில் தொடங்கிக் கத்தரிக்காயில் முடியும். சோப்பை மாற்றியாயிற்று, கருவாட்டை நிறுத்தியாயிற்று, பூச்சி மாத்திரையும் போட்டாயிற்று, அரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது என்று சொல்பவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. காணாக்கடி என்று வேப்பிலையால் மந்திரித்தவர்களும் உண்டு. இங்கே நான் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைக்கும் இரண்டு நிகழ்வுகளில் சோப்புக்கும் சாப்பாட்டுக்கும் வேலையே இல்லை. ஒன்று 1943-இல் அசாமில் நடந்தது. மற்றது 2006-இல் பின்லாந்தில் தொடங்கியது. இரண்டிலும் நோயாளிகள் பலர், தடிப்பு கடுமை, காரணம் அவர்கள் உடலை ஒட்டியே இருந்தது. முதலாவது சில மாதங்களில் பிடிபட்டது. இரண்டாவதற்கு நவீன ஆய்வுக்கூடங்கள் இருந்தும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடித்தது. இந்த வேறுபாட்டுக்கு விடை தேடுவதுதான் ஒப்பீட்டின் நோக்கம்.

முதலில் அசாம். ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு சீனாவுக்குத் தரைவழி திறக்க லெடோ சாலையை அமெரிக்க ராணுவம் வெட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையின் தொடக்கத்தில், மார்கெரிட்டா என்ற ஊரில், அமெரிக்காவின் 20-ஆம் பொது மருத்துவமனை 1943-இல் வந்து இறங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து மருத்துவர்களும் செவிலியர்களும் நிறைந்த மருத்துவமனை அது. மலேரியா, வயிற்றுப்போக்கு, உண்ணிக் காய்ச்சல் என்று உயிர்போகும் நோய்களுக்கு நடுவே தோல் அரிப்பு பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. அதுவும் அசாமின் மழைக்காலத்தில், வியர்வையில் ஊறிய ராணுவ உடுப்புக்குள், வேர்க்குருவும் படையும் இல்லாதவன்தான் அதிசயம்.

அங்கே தயாராக ஒரு விடையும் காத்திருந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் தொடையிடுக்கில் வரும் படையை ‘டோபி இட்ச்’ என்றே அழைத்துவந்தார்கள். சலவைக்காரர் துணியைச் சரியாக வெளுக்காததால் தொற்றுகிறது என்று நம்பினார்கள். அந்தப் படை ஒரு பூஞ்சைத் தொற்று. ஈரமும் வெக்கையும் இருந்தால் யாருக்கும் வரும். தங்கள் வியர்வைக்குச் சலவைக்காரர்மேல் பழிபோட்ட பெயர் அது. ஆகவே சிப்பாய் ஒருவன் துணி உரசும் இடத்தில் அரிப்பு என்று வந்தால் பூஞ்சை மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட எல்லா நியாயமும் இருந்தது.

ஆனால் சிலருக்கு வந்த தடிப்பு பூஞ்சையைப் போல் நடந்துகொள்ளவில்லை. பிடரியில் ஒரு சிறு திட்டு, இடுப்புப் பட்டைக்கு உள்ளே ஒரு திட்டு. சிவந்து, வீங்கி, நீர் கோத்து, தாங்க முடியாத அரிப்பு. படை விளிம்பில் வளையமாகப் படரும். இது உட்கார்ந்த இடத்திலேயே கொப்புளித்தது. அந்தத் திட்டுக்கு நேர் மேலே, சட்டைக் காலரின் உட்புறத்திலும் கால்சட்டைப் பட்டையின் உட்புறத்திலும், கருப்பாக ஒரு சலவைக் குறி இருந்தது. லிவிங்குட், ராஜர்ஸ், ஃபிட்ஸ்-ஹியூ என்ற மூன்று மருத்துவர்கள் அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை எழுதினார்கள். சலவைக்காரர் மீதான பழைய பழி பொய். இந்தப் புதிய குற்றச்சாட்டில் மட்டும் உண்மை இருந்தது.

குறி எதனால் ஆனது என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சேங்கொட்டை. சேராங்கொட்டை என்றும் சொல்வோம். செமெகார்பஸ் அனகார்டியம் என்பது தாவரவியலில் அதன் பெயர். இதய வடிவில், கருத்து, பளபளவென்று நாட்டு மருந்துக்கடையில் இன்றும் கிடைக்கும். அதன் தோட்டுக்குள் இருக்கும் பாலை ஊசியால் தொட்டுத் துணியில் புள்ளியும் கோடுமாக வைத்து மேலே சுண்ணாம்பு தடவினால் கருத்துப் பிடித்துக்கொள்ளும். வெள்ளாவியில் அவித்தாலும், கல்லில் அடித்தாலும் போகாது. வீட்டுக்கு ஒரு குறி. நூறு வீட்டுத் துணி ஒரே துறையில் கலந்து கிடந்தாலும், எழுத்துப் படிக்காத சலவைத் தொழிலாளி எந்த வேட்டி எந்த வீட்டுக்கு என்று பிரித்துவிடுவார். அழியாமையே அதன் பெருமை. சிப்பாயின் பிடரிக்கு அந்த அழியாமைதான் வினையாயிற்று. எத்தனை முறை வெளுத்தாலும் குறியோடு நஞ்சும் தங்கியது.

அமெரிக்கர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமை? அவர்கள் ஊரில் ‘பாய்சன் ஐவி’ என்று ஒரு கொடி உண்டு. காட்டுப்பக்கம் போய்வந்தவர் காலில் கொப்புளம் கிளப்பும் கொடி. அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டது. அந்தக் கொடியும், சேங்கொட்டையும், முந்திரியும், மாவும், ஜப்பானியர் அரக்குப் பூச்சு எடுக்கும் மரமும் ஒரே குடும்பம். அவற்றின் பாலில் இருக்கும் வேதிப்பொருள்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. பென்சில்வேனியாக் காட்டில் பழகிய பகையை அசாமின் சட்டைக் காலரில் சிப்பாயின் தோல் அடையாளம் கண்டுகொண்டது. நம் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்கள் கருத்து உரிவதும் இந்தக் குடும்பத்தின் வேலைதான். தோட்டில் இருந்து வடியும் எண்ணெய் அதைச் செய்கிறது.

இனி பின்லாந்து. 2006 இலையுதிர்காலத்தில் அங்கே தோல் மருத்துவர்களிடம் விநோதமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முதுகு, பிட்டம், தொடையின் பின்புறம், சிலருக்கு முழங்கையும் முன்கையும். சிவந்து தடித்து, எரிந்து, சிலருக்குக் கொப்புளமாகி, வழக்கமான களிம்புக்கு அடங்காத தடிப்பு. சில மாதங்களில் பிரிட்டனிலும் அதே காட்சி. உடலின் எந்தப் பகுதி என்று ஒரு வெள்ளைத்தாளில் வரைந்தால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த ஆளின் அச்சு கிடைக்கும். அந்த அளவுக்குத் தெளிவான வரைபடம். சீனாவில் செய்து இறக்குமதியான சாய்வு நாற்காலி அல்லது சோபா என்று தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. பின்லாந்துக்காரர்கள் அதற்கு ‘நஞ்சு நாற்காலி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சோபா என்று தெரிந்தது. சோபாவில் எது என்பதுதான் தெரியவில்லை. இந்த இடைவெளியில்தான் இரண்டு நிகழ்வுகளும் பிரிந்து நடக்கின்றன என்று நினைக்கிறேன்.

தோல் ஒவ்வாமைக்குக் காரணம் கண்டுபிடிக்கும் கருவி பழையது. 1895-இல் யோசப் யாடாசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் அறிமுகப்படுத்திய பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், 96 மணி நேரத்தில் மீண்டும் பார்ப்பார்கள். எந்தக் கிண்ணத்தின் கீழ் தோல் சிவந்து தடித்திருக்கிறதோ அந்தப் பொருளைத் தோல் பகைக்கிறது என்று பொருள். இதற்கென ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நிலையான பட்டியல் இருக்கிறது. நிக்கல், குரோமியம், வாசனைப் பொருள்கள், ரப்பர் வேதிப்பொருள்கள், தலைமுடிச் சாயம் இப்படி. இந்தியப் பட்டியலில் பார்த்தீனியமும் உண்டு, நம் வரப்பு ஓரத்தை நிறைத்திருக்கும் அதே செடி.

சோபா நோயாளிகளைப் பொறுத்தவரை இந்தப் பட்டியல் கைகொடுக்கவில்லை. நோயாளியின் காதில் இது வேறு மாதிரி விழும் என்பதை மருத்துவர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். ‘டெஸ்டில் ஒன்றும் இல்லை’ என்றால் ‘உனக்கு அலர்ஜி இல்லை’ என்றும், கொஞ்ச நாளில் ‘எல்லாம் மனசுதான்’ என்றும் ஆகிவிடும். பட்டியலில் இருக்கும் பொருள்களுக்கு ஒவ்வாமை இல்லை என்பது மட்டுமே அந்த முடிவின் பொருள். உலகத்தில் புழங்கும் வேதிப்பொருள்களோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டியல் கைப்பிடி அளவுகூட இல்லை. அவை பட்டியலில் இடம்பிடித்ததும் முன்பு பலரைப் பாடாய்ப் படுத்தியதால்தான். புதிதாக ஒன்று முளைத்தால் பட்டியலுக்கு எப்படித் தெரியும்?

பின்லாந்தின் லாட்டி நகர மருத்துவமனையில் இருந்த தாபியோ ரந்தனென் செய்த வேலை எனக்குப் பிடித்த பகுதி. நோயாளிகள் உட்கார்ந்த நாற்காலியின் துணியையே வெட்டி முதுகில் ஒட்டிப் பார்த்தார். தோல் சாட்சி சொன்னது. அடுத்து, துணியில் ஊறியிருப்பதைக் கரைத்து எடுத்து, மெல்லடுக்கு நிறப்பிரிகை என்ற முறையில் ஒரு பட்டையின் மேல் படரவிட்டால் கலவையில் உள்ள பொருள்கள் தனித்தனி இடத்தில் போய் நிற்கும். அந்தப் பட்டையையே நோயாளியின் முதுகில் ஒட்டினார்கள். எந்த இடத்துக்கு நேரே தோல் கொந்தளித்ததோ அந்த இடத்துப் பொருளை மட்டும் கருவியில் கொடுத்து என்னவென்று பார்த்தார்கள். டைமெத்தில் ஃபியூமரேட் என்று விடை வந்தது. ஆயிரம் பொருள்களில் எதை ஆராய்வது என்று கருவிக்கு வழிகாட்டியது நோயாளியின் முதுகு. வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2008-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் வைத்தபோதும் சிலரின் தோல் சிவந்தது என்று அதில் எழுதியிருந்தார்கள்.

சோபாவுக்குள் அது எப்படி வந்தது? ஈரத்தில் கிடங்கிலும் கப்பலிலும் வாரக்கணக்கில் கிடக்கும்போது தோலும் துணியும் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தடுக்க, புதுச் செருப்புப் பெட்டியில் இருக்குமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைப் போன்ற சிறு பொட்டலங்களில் டைமெத்தில் ஃபியூமரேட் பொடியை நிரப்பிச் சோபாவின் உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். வாங்கியவர் கண்ணில் அது படவே வாய்ப்பில்லை. குளிர்நாட்டு வீட்டில், மாலை முழுக்க டிவிக்கு முன்னால் சாய்ந்திருக்கும் உடலின் சூட்டில் அந்தப் பொடி மெல்ல ஆவியாகி, மெத்தையைக் கடந்து, தோலுறையைக் கடந்து, உடுத்திய துணியையும் கடந்து முதுகைத் தொட்டது. பூஞ்சணத்தைக் கொல்ல வைத்தது பூஞ்சணத்தோடு நிற்கவில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைப்போம்.

இரண்டிலும் காரணத்தை நோக்கி முதல் விரலை நீட்டியது தடிப்பு வந்த இடம். எப்படிப்பட்ட தடிப்பு என்பதைவிட எங்கே என்பதற்கு இந்த வகை நோயில் மதிப்பு அதிகம். ஒவ்வாமையால் வரும் எந்தத் தடிப்பும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதன் எல்லைகளில்தான் கதை எழுதியிருக்கும். செருப்பு வாரின் வடிவம், கடிகாரத்தின் வட்டம், இடுப்பு எலாஸ்டிக்கின் கோடு, பொட்டின் புள்ளி. இவ்விரண்டு நிகழ்வுகளிலும் இன்னொரு ஒற்றுமை: பிடரி, இடுப்பு, முதுகு, பிட்டம், எல்லாம் உடலின் பின்பக்கம். நோயாளி தன் கண்ணால் பார்க்க முடியாத இடம். பார்க்க முடியாததால் வரைபடத்தைப் படிக்க அவனுக்கு வாய்ப்பில்லை. அரிக்கிறது என்று மட்டும் தெரியும். இன்று கையில் செல்பேசி இருக்கிறது. முதுகை யாரையாவது படமெடுக்கச் சொல்லி, களிம்பு பூசுவதற்கு முன்னால் ஒன்று, வாரம் கழித்து ஒன்று என்று வைத்துக்கொள்வது எந்த ரத்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல.

களிம்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நம் ஊர் மருந்துக்கடைகளில் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த ‘ஆல் இன் ஒன்’ களிம்பைச் சீட்டு இல்லாமல் வாங்கித் தேய்ப்பது பரவலான பழக்கம். 2018-இல் அரசு ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அது அரிப்பைத் தற்காலிகமாக அடக்கும். கூடவே தடிப்பின் எல்லைகளை அழித்துவிடும். பூஞ்சையாக இருந்தால் அதன் வளையம் கலைந்து ஆளே அடையாளம் தெரியாமல் பரவும். ஒவ்வாமையாக இருந்தால் காரணம் அங்கேயே இருக்க, சாட்சியம் மட்டும் காணாமல் போகும். முதுகில் பூசிய பிறகு பேட்ச் டெஸ்ட் செய்தால் அதன் முடிவையும் நம்ப முடியாது.

இடம் எப்போதும் உண்மை பேசும் என்றும் இல்லை. நகப்பூச்சுக்கு ஒவ்வாமை உள்ள பெண்ணுக்கு நகத்தருகே ஒன்றும் இருக்காது. கண்ணிமையும் கழுத்தும் தடித்திருக்கும். விரல்கள் போய்வரும் இடங்கள் அவை, தோலும் அங்கே மெலிது. பார்த்தீனிய மகரந்தமும் செடியின் தூசும் காற்றில் வந்து முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று கண்ட இடத்தில் படியும். அசாமில் குறி தொட்ட இடத்தில் மட்டும் தோல் கொப்புளித்தது, வரைபடம் கூர்மை. பின்லாந்தில் ஆவி பரவியதால் ஓரங்கள் மங்கல், சிலருக்கு உடலெங்கும் பரவல். இந்த அளவில் அசாம் மருத்துவர்களுக்கு வேலை எளிது.

காலம் இரண்டு இடத்திலும் ஏமாற்றியது. இந்த வகை ஒவ்வாமை உடனடியாக வருவதல்ல. ஒரு பொருளை முதன்முதலாகப் பகைக்கக் கற்றுக்கொள்ள உடலுக்குப் பத்துப் பதினான்கு நாளாவது வேண்டும். சில நேரம் ஆண்டுக்கணக்கில் பழகிய பொருளையே ஒருநாள் பகைக்கத் தொடங்கும். கற்றுக்கொண்ட பிறகும் தொட்டவுடன் தடிக்காது, ஒருநாள் இரண்டுநாள் கழித்துத்தான் தடிக்கும். நேற்று முன்தினம் உடுத்திய சட்டைக்கு இன்று அரிப்பு என்றால், இன்று காலை சாப்பிட்ட கத்தரிக்காய்க் கூட்டு மாட்டிக்கொள்ளும். இரண்டு வருடமாக இருக்கும் சோபாவை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், போன வாரம் வாங்கிய சோப்புத்தூளைத்தான் சந்தேகிப்பார்கள். ‘ரத்தம் கெட்டுப்போச்சு’ என்று பாட்டி சொல்வதையும் ‘புதுசா என்ன சாப்பிட்டீங்க?’ என்று கடைக்காரர் கேட்பதையும் இந்தத் தாமதம்தான் நம்பும்படி ஆக்குகிறது. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் தெரியும். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்கும் திட்டுக்குச் சாப்பாட்டைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் வீண்.

‘வீட்டில் எல்லாரும் அதே சோபாவில்தானே உட்காருகிறோம், எங்களுக்கு ஒன்றும் இல்லையே’ என்பது இன்னொரு பொறி. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. ஒரே கூடாரத்தில் ஒரே சலவைக்காரரிடம் துணி போட்ட எல்லாச் சிப்பாய்க்கும் வரவில்லை. நஞ்சு என்றால் அளவுக்கேற்ப எல்லாரையும் தாக்கும். ஒவ்வாமை ஆளைப் பார்த்துத் தாக்கும்.

இவ்வளவு ஒற்றுமைக்குப் பிறகும், மழைக்காட்டுக்குள் இருந்த மருத்துவமனை சில மாதத்தில் கண்டதை ஐரோப்பா ஏன் இரண்டு ஆண்டு தேடியது? நிறப்பிரிகையும் நிறமாலைமானியும் கையில் இருந்தவர்கள் பின்தங்கியது எப்படி?

எனக்குத் தோன்றும் விடை, தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பது. அசாமில் அந்தக் கருப்புக் குறியை வைத்தவர் கூப்பிடு தூரத்தில் துறையில் நின்றுகொண்டிருந்தார். என்ன மை என்று கேட்டால் கொட்டையை எடுத்துக் காட்டியிருப்பார். அதன் பால் பட்டால் புண்ணாகும் என்பது இந்தியக் கிராமத்தில் யாருக்கும் புதுச்செய்தி இல்லை. மருத்துவர்கள் பக்கத்திலும் அதிர்ஷ்டம் இருந்தது. பாய்சன் ஐவியின் கொப்புளத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. ஆக, பொருளை அறிந்தவரும் நோயை அறிந்தவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டால் போதும் என்ற நிலை.

சோபாவில் அந்தப் பேச்சுக்கு வழியில்லை. பொட்டலத்தை உள்ளே வைத்த தொழிலாளி சீனாவில். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். தொழிற்சாலைக்குத் தெரியும், கப்பல்காரருக்குத் தெரியாது. இறக்குமதியாளர் கேட்கவில்லை. விற்ற கடைக்குத் தெரியாது. வாங்கியவருக்கு உள்ளே பொட்டலம் இருப்பதே தெரியாது. கைமாறும்தோறும் ஒரு தகவல் உதிர்ந்து, வீட்டுக்கூடத்துக்கு வந்து சேரும்போது மிச்சம் சோபா மட்டும்தான். அசாமில் ஒரு கேள்வி செய்த வேலையைப் பின்லாந்தில் ஓர் ஆய்வுக்கூடம் செய்யவேண்டி வந்தது. கருவிகள் முன்னேறியிருந்தன, ஆனால் அந்தக் கருவிகள் தேவைப்பட்டதே நடுவில் விழுந்த தூரத்தால்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டைமெத்தில் ஃபியூமரேட் மருத்துவ உலகத்துக்குப் புதிது அல்ல. ஷ்வெக்கென்டீக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் தம் சோரியாசிஸுக்கு ஃபியூமாரிக் அமிலச் சேர்மங்களைத் தாமே உட்கொண்டு பார்த்து 1959-இல் எழுதினார். 1994-இல் ஜெர்மனி அவற்றை மாத்திரையாக அனுமதித்தது. அந்தச் சேர்மங்களைத் தோலில் பூசினால் ஒவ்வாமை தூண்டும் என்று 1990-களிலேயே தோல் மருத்துவ இதழில் வந்துவிட்டது. ஆகவே அறிவு தூரத்தில் இருந்தது என்பது முழு உண்மை அல்ல; ஒரு பகுதி தோல் மருத்துவர்களின் நூலக அலமாரியிலேயே இருந்தது. ஆனால் சோரியாசிஸ் மாத்திரையையும் சோபா பொட்டலத்தையும் யார் சேர்த்து நினைப்பார்கள்? பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர் எழுதியிருந்தால், அலமாரியில் இருந்து அந்தக் கட்டுரையை எடுக்க அரைநாள் போதும்.

இங்கே ஒரு விசித்திரமான இணை தென்படுகிறது. சேங்கொட்டையும் மருந்துதான். மூக்கை அரிந்து, சுத்தி முறைப்படி நஞ்சை முறித்து, சேராங்கொட்டை நெய்யாகவும் இடிவல்லாதி மெழுகிலும் சித்த மருத்துவம் அதைப் பயன்படுத்துகிறது, தோல்நோய்க்கும் கொடுப்பதுண்டு. தோல்நோய்க்கு உள்ளே கொடுக்கும் பொருளே வெளியே பட்டால் தோல்நோய் தருகிறது என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது. டைமெத்தில் ஃபியூமரேட் 2013-இல் அமெரிக்காவில் மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் அனுமதி பெற்றது. வேறுபாடு, சித்த மருத்துவர் கொட்டையின் இரு முகத்தையும் அறிந்தே கையில் எடுக்கிறார். சுத்தி என்ற சடங்கே அந்த அறிவின் எச்சரிக்கை. சோபாக்காரருக்கு அது பூஞ்சணம் போக்கும் வெள்ளைப்பொடி, அவ்வளவே.

பின்விளைவில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயின. ஐரோப்பிய ஒன்றியம் 2009 மார்ச்சில் அவசரத் தடை கொண்டுவந்தது. ஒரு கிலோ பொருளில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் டைமெத்தில் ஃபியூமரேட் இருந்தால் விற்க முடியாது. 2012-இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. பிரிட்டனில் பாதிக்கப்பட்ட இரண்டாயிரம் பேர் அளவுக்கு இழப்பீடு கிடைத்தது. சேங்கொட்டைக் குறிக்கு யாரும் தடை போடவில்லை. மார்க்கர் பேனாவும், துணிச்சீட்டும், வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷினும் வந்து அதை ஓரங்கட்டின. மூட்டுவலிக்கு என்று சேங்கொட்டைப் பாலை நேரடியாகத் தடவிப் புண்ணோடு வருபவர்கள் தோல் மருத்துவர்களுக்கு இன்றும் அந்நியர் அல்லர்.

காரணம் தெரியாத தடிப்போடு இருப்பவர் இரண்டு கதையில் இருந்தும் எடுத்துக்கொள்ளத் தக்க வேலைமுறை ஒன்றுண்டு. தடிப்பின் எல்லையைப் படமெடுத்தபின், அந்த இடத்தை முந்தைய மூன்று நாளில் எது தொட்டது என்று எழுதிப் பார்ப்பது. சாப்பிட்டதை அல்ல, தொட்டதை. உடை, உடையின் உள்பட்டி, தைத்த பிராண்டு முத்திரை, இருக்கை, தலையணை உறை, காலணி உள்பகுதி, அலுவலகக் கையுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் தணிகிறதா, வெளியூர் போனால் தணிகிறதா என்பதும் வலுவான துப்பு. சந்தேகப்படும் பொருளின் சிறு துண்டைப் பேட்ச் டெஸ்டுக்குப் போகும்போது எடுத்துச் செல்லலாம். துணி, செருப்புத் துண்டு போன்றவற்றை மருத்துவர்கள் சேர்த்து ஒட்டிப் பார்ப்பார்கள். வீட்டிலேயே பிளாஸ்திரி போட்டு ஒட்டிச் சோதிப்பது மட்டும் வேண்டாம். சேங்கொட்டைப் பாலை அப்படி மூடி ஒட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் தோல் வெந்துவிடும். காரணத்தை நீக்கிய பிறகும் தடிப்பு அடங்க வாரங்கள் ஆகலாம். நாலாம் நாள் குறையவில்லையே என்று சரியான விடையைத் தூக்கி எறிந்தவர்கள் நிறைய.

ஒருமுறை கற்ற ஒவ்வாமையை உடல் பொதுவாக மறப்பதில்லை. டைமெத்தில் ஃபியூமரேட் சோபாவோடு நிற்கவும் இல்லை. ஸ்பெயினில், சோபாவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களுக்குப் புதுக் காலணி போட்ட பாதத்தில் கடும் தடிப்பு வந்தது. காலணி என்றால் வழக்கமாகச் சந்தேகிப்பது ரப்பரையும், தோல் பதனிடும் குரோமியத்தையும், பசையையும். இம்முறை மருத்துவர்கள் அவற்றோடு டைமெத்தில் ஃபியூமரேட்டையும் முதுகில் ஒட்டினார்கள், காலணியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 2009-இலேயே முடிவு அச்சில் வந்துவிட்டது.